ஒரு மணி இருபது நிமிட ஊர்

ராஜமுந்திரி விமான நிலையத்துக்கும் புதுச்சேரி விமான நிலையத்துக்கும் இடையே தூரம் அறுநூறு கிலோமீட்டர் சொச்சம். பறக்கும் நேரம் ஒரு மணி இருபது நிமிடம். இதைச் சொன்னது நானல்ல, என் வீட்டுக்காரர் சூரிபாபுவின் கைப்பேசி. வீட்டுக்காரர் என்றால் நான் குடியிருக்கும் வீட்டுக்குச் சொந்தக்காரர். என் புருஷன் செல்வம் பிறகு வருவார், மழையில் நனைந்துகொண்டு.

எனக்குச் சொந்த ஊர் புதுச்சேரி, லாஸ்பேட்டை. அரசாங்க உத்தியோகம். இரண்டு வருடங்களுக்கு முன் என்னை ஏனாமுக்கு மாற்றினார்கள். ஏனாம் இருப்பது ஆந்திராவுக்கு நடுவே, கோதாவரி கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில். ஆனால் அது எங்கள் புதுச்சேரியைச் சேர்ந்தது. பிரெஞ்சுக்காரர் கையிலிருந்த ஊர்கள் எங்கே கிடந்தாலும் சரி என்று எல்லாவற்றையும் ஒரே முடிச்சில் போட்டுவிட்டார்கள். அதனால் மாநிலத்தைவிட்டு வெளியே போகாமலேயே எனக்கு வெளிநாட்டு வாசம் வாய்த்தது. பாஷை வேறு, சாம்பாரில் வெல்லம், ஊறுகாயோ சோற்றுக்குச் சமமாக. மாற்றல் உத்தரவில் மட்டும் அது உள்ளூர் மாற்றல்.

சூரிபாபு இறால் குட்டைகளுக்குத் தீவனம் விற்கிறவர். சத்தமாகப் பேசுவார், சத்தமாகச் சிரிப்பார். ஒரே மகள் லாவண்யா. அவளுக்குப் புதுச்சேரியில் நர்சிங் படிக்க இடம் கிடைத்துவிட்டது. ஏனாம் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய இடம், அதுவும் இரண்டாவது சுற்றில். மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் கல்லூரியில் நேரில் போய், அசல் சான்றிதழ்களைக் காட்டிச் சேர வேண்டும். சேராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

அவள் அம்மா வரலட்சுமி பெண்ணை விசாகப்பட்டினத்துக்கே அனுப்ப மாட்டேன் என்று இருந்தவள். அவளைச் சம்மதிக்க வைத்தது அந்த ஒரு மணி இருபது நிமிடம்தான். “காக்கிநாடாவுக்குப் பஸ்ஸில் போகிற நேரம்தானே” என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். பெண்ணுக்குக் காய்ச்சல் என்றால், அடுப்பில் உலை வைத்துவிட்டுக் கிளம்பினால் சோறு வேகுமுன் போய்விடலாம் என்கிற அளவுக்கு நம்பிக்கை.

நான் தீபாவளிக்கு ஊருக்குப் போக விடுப்பு எழுதி வைத்திருந்தேன். துணைக்கு வருவீர்களா என்று சூரிபாபு கேட்டதும் இரண்டு நாள் முன்னதாகவே கிளம்பச் சம்மதித்தேன். “இன்றைக்குச் சாயங்கால ரயிலைப் பிடிப்போம். காலையில் சென்னை, மதியத்துக்குள் புதுச்சேரி” என்று சொன்னேன். நான் எப்போதும் போகிற வழி அது.

“ரயிலா?” சூரிபாபு சிரித்தார். அவர் பேசியதெல்லாம் தெலுங்கு. எனக்குப் புரிந்தபடி தமிழில் தருகிறேன். “ஒரு மணி இருபது நிமிடத்தில் போகிற ஊருக்கு ராத்திரி முழுக்க ரயிலா மேடம்? டிக்கெட் எடுத்தாயிற்று. ஹைதராபாத்தில் ஒருமுறை நிற்குமாம், அவ்வளவுதான்.”

ஹைதராபாத்தில் நிற்பது என்றால் பஸ் டீக்கடையில் நிற்பதுபோல என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நான் அவர் கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். இரண்டு ஊர்ப் பெயரைப் போட்டால் நடுவில் நேராக ஒரு கோடு போட்டு, தூரத்தையும் நேரத்தையும் சொல்கிற இணையப் பக்கம். அந்தக் கோட்டில் விமானம் பறக்கிறது என்று அது எங்கேயும் சொல்லவில்லை. பறந்தால் இவ்வளவு ஆகும் என்றுதான் சொன்னது. அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா என்கிற கணக்கு. நான் வாயைத் திறப்பதற்குள் வரலட்சுமி காபியோடு வந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் நின்ற லாவண்யா என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையில் என் வாய் மூடிக்கொண்டது.

*

விடிவதற்கு முன்பே காரில் கிளம்பினோம். வழியில் பெசரட்டு சாப்பிட்டோம். பாசிப்பயறு அரைத்துச் சுட்ட தோசைக்குள் உப்புமாவை வைத்து மடித்துக் கொடுப்பார்கள். இரண்டு பலகாரங்களை எதற்கு ஒன்றுக்குள் ஒன்று திணிக்கிறார்கள் என்று முதல் வருடம் முழுக்கக் கோபப்பட்டேன். இப்போது லாஸ்பேட்டைக்குப் போனால் அது இல்லாமல் இருக்க முடிவதில்லை.

ராஜமுந்திரியில் பாதுகாப்புச் சோதனையின்போது பெண்கள் வரிசையில் நானும் லாவண்யாவும் முதலில் போய்விட்டோம். ஆண்கள் பக்கம் ஏதோ வாக்குவாதம். திரும்பிப் பார்த்தால், சூரிபாபு கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். சோதனை செய்கிறவர் கையில் ஒரு பெரிய பாட்டில்.

ஆவக்காய். வரலட்சுமி கோடையில் போட்டு, மகளுக்கென்று தனியே எடுத்து வைத்தது. ஊறுகாயைக் கையோடு விமானத்துக்குள் கொண்டுபோகக் கூடாது, இங்கேயே போட்டுவிட்டுப் போங்கள் என்கிறார்கள். “போட்டுவிட்டா? ஐயா, இது ஆவக்காய்” என்று சூரிபாபு சொல்வது எங்களுக்குக் கேட்டது. அதற்கு மேல் ஒரு விளக்கமும் தேவையில்லை என்பது போலச் சொன்னார். பிறகு பையோடு வந்த வழியே ஓடினார். எங்களை விமானத்துக்கு அழைத்தபோதுதான் திரும்பி வந்தார், வியர்த்துப் போய், வெறுங்கையோடு, சிரித்துக்கொண்டு.

“பையையே லக்கேஜில் போட்டுவிட்டேன். ஊறுகாய் பத்திரம்” என்றார்.

நானும் சிரித்தேன். அந்த நேரத்தில் மூன்று பேரில் ஒருவருக்காவது மூளை வேலை செய்திருக்கலாம்.

*

ஹைதராபாத் விமான நிலையத்தில் நடந்தோம். நடந்துகொண்டே இருந்தோம். சூரிபாபு முதலில் உற்சாகமாகத்தான் வந்தார். விமானம் நிற்கவில்லை, நாம்தான் இறங்கி வேறு விமானம் ஏற வேண்டும், அதற்கும் இன்னும் நேரம் இருக்கிறது என்று தெரிந்ததும் அவர் நடை மெதுவானது. ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசியில் அந்தப் பக்கத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார்.

“நாம் தெற்கே போக வேண்டியவர்கள்தானே மேடம்? எதற்கு மேற்கே வந்தோம்?”

“இப்படித்தான் வர முடியும்.”

“அப்படியானால் இது?” என்று திரையைக் காட்டினார். பதில் சொல்வதற்குள் மணி அடித்தது. வரலட்சுமி. அவள் கணக்குப்படி நாங்கள் எப்போதோ புதுச்சேரியில் இறங்கியிருக்க வேண்டும். “கொஞ்சம் தாமதம்” என்றார் சூரிபாபு. “இதோ, இறங்கப் போகிறோம்.” நாங்கள் இருந்த இடத்துக்கும் இறங்குவதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் லாவண்யா என் கையைப் பிடித்தாள். “ஆன்ட்டி, நேராக விமானம் கிடையாது என்று எனக்கு முன்னாலேயே தெரியும். அந்தப் பக்கத்தைத் தேடி நான்னாவிடம் கொடுத்தது நான்தான்.” அப்பாவை அவர்கள் நான்னா என்பார்கள்.

“ஏண்டி இப்படிச் செய்தாய்?”

“வேறு எதைக் காட்டியிருந்தாலும் அம்மா விட்டிருப்பாளா?”

எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்கு ஒரே பெண், கண்ணில் நீரோடு நிற்கிறது, அறையவும் முடியாது. இந்தப் பெண் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வாள் என்றும் கூடவே தோன்றியது.

“சரி, அழாதே. சர்டிபிகேட்டெல்லாம் எடுத்து ஒருமுறை சரிபார்த்துவிடலாம்” என்றேன்.

“நான்னாவின் பையில் இருக்கிறது.”

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது. ஓடிப்போய்ச் சூரிபாபுவைக் கேட்டேன். பையில் ஆவக்காய் பாட்டில். பாட்டிலுக்கு அடியில், கசங்காமல் இருக்கட்டும் என்று, எல்லா அசல் சான்றிதழ்களும். ஊறுகாயைக் காப்பாற்றப் போய், பெண்ணின் படிப்பை விமானத்தின் வயிற்றுக்குள் அனுப்பிவிட்டார்.

“அதே பை இந்த விமானத்திலும் வந்துவிடும். வழக்கமாக வந்துவிடும்” என்றேன். வழக்கமாக என்ற வார்த்தையைச் சேர்த்திருக்க வேண்டாம்.

*

புதுச்சேரிக்கு வருகிற விமானம் சின்னது, இரண்டு பக்கமும் காற்றாடி சுற்றுகிற ரகம். என் பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர், பிரான்சில் மகன் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்புகிறவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அவர் ஒரு சொல்தா. பணிப்பெண்ணிடம் ‘மெர்சி’, என்னிடம் தமிழ்.

கீழே மேகம் கன்னங்கரேலென்று இருந்தது. ஐப்பசி மழை. விமானம் இறங்கத் தொடங்கியது. மரக்காணத்து உப்பளங்கள் ஒரு கணம் தெரிந்து மறைந்தன. சக்கரம் இறங்கும் சத்தம் கேட்டது. அப்புறம் திடீரென்று மூக்கைத் தூக்கிக்கொண்டு மறுபடி மேலே ஏறினோம். பின்னால் யாரோ “கோவிந்தா” என்றார்கள்.

“இன்னாம்மா, பயந்துட்டியா? மழ வந்தா இங்க இப்டித்தான்” என்றார் சொல்தா. “ஓடுபாதை சின்னது பாரு. ரெண்டு சுத்து சுத்துவான். முடியலன்னா மெட்ராசுக்குப் போயிடுவான்.”

மெட்ராஸ் என்ற சொல் சூரிபாபுவின் காதில் விழுந்துவிட்டது. “மெட்ராஸா? எதற்கு மெட்ராஸ்?”

“லக்கேஜ் எல்லாத்தையும் ஏத்தியிருப்பாங்களா?” என்று நான் பெரியவரை மெதுவாகக் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

“அத மட்டும் சொல்ல முடியாதும்மா. சின்ன பிளேன் இல்ல? வெயிட்டு ஜாஸ்தியாப் போச்சுன்னா நாலு மூட்டைய வுட்டுட்டு வந்துடுவான். மறுநாளு வரும். எம் பெட்டி ஒரு வாட்டி அப்டித்தான் வந்துச்சு.”

லாவண்யாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என் முகம் தெரியும். அவள் முன் இருக்கையின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சூரிபாபு ஜன்னலுக்கு வெளியே வெள்ளைப் புகையாய் நின்ற மேகத்தைப் பார்த்துக்கொண்டு, யாரிடமும் இல்லாமல் சொன்னார்: “வரலட்சுமியால் இதில் ஏறி வர முடியாது. ஒருநாளும் முடியாது.”

மெட்ராசுக்குப் போனால் ஐந்து மணிக்குள் வர வழியே இல்லை. சுற்றிக்கொண்டே இருந்தோம். இரண்டாவது முறை இறங்கும்போது மேகத்துக்குக் கீழே தென்னந்தோப்பு, மொட்டை மாடிகளில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள், ஈரத் தார்ச்சாலை. தடாலென்று தரையில் இடித்து, ஓடி, நின்றது விமானம். சொல்தா சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, இதோ வந்தாயிற்று என்பதுபோலப் பிரெஞ்சில் “வுவாலா” என்றார். நான் என் ஊரில் இறங்கியிருந்தேன். அந்தச் சந்தோஷத்தை அனுபவிக்க நேரமில்லை.

*

எங்கள் விமான நிலையத்தைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ள முடியாது. ஒரு கூடம். ஒரு பெல்ட். அதில் பெட்டிகள் வரத் தொடங்கின. சொல்தாவின் பெட்டி முதலில் வந்தது. அவர் எங்களைப் பார்த்து வருத்தமாகத் தலையசைத்துவிட்டுப் போனார். கூடத்தில் ஆட்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். கடைசியில் நாங்கள் மூன்று பேரும், சுற்றிக்கொண்டிருந்த வெறும் பெல்ட்டும்.

பெல்ட் நின்றது.

சூரிபாபு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு பெரிய மனிதர் அப்படி உட்கார்ந்ததைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அங்கிருந்த ஊழியரிடம் போய்ச் சண்டை போட்டேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை, மரியாதையாக இருந்திருக்காது. அவர் பொறுமையாக, “இருங்கம்மா, ஒன்னு தனியா வெச்சிருக்காங்க. ஏதோ ஒழுகுதாம்” என்றார்.

பை வருவதற்கு முன் அதன் வாசனை வந்தது. கடுகு, மிளகாய், நல்லெண்ணெய். கையுறை போட்ட ஒருவர், கிடைக்கக்கூடாதது கிடைத்தவர் போலப் பையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு வந்தார். அடிப்பக்கம் முழுக்கச் சிவப்பு. சூரிபாபு அங்கேயே ஜிப்பைத் திறந்தார். பாட்டில் உடையவில்லை, மூடிதான் நெகிழ்ந்திருந்தது. சான்றிதழ் உறையின் ஒரு மூலை ஊறிப்போயிருந்தது. மதிப்பெண் பட்டியல்கள் தப்பித்தன. மாற்றுச் சான்றிதழின் கால்வாசி, ஆவக்காய் நிறம்.

வாசலில் செல்வம் நனைந்துகொண்டு நின்றார். தட்டாஞ்சாவடி கம்பெனியில் பெர்மிஷன் போட்டுவிட்டு ஸ்கூட்டரில் வந்திருந்தார். மூன்று மாதம் கழித்துப் பார்க்கிறோம்.

“இன்னா கலா, ஊறுகா மணக்குது?”

“அப்புறம் சொல்றேன். அஞ்சுக்குள்ள காலேஜுக்குப் போவணும். ஆட்டோ புடி.”

“வந்ததும் வராததுமா அதிகாரம்” என்றார், ஆனால் ஆட்டோ தயாராகத்தான் இருந்தது. அவர் ஸ்கூட்டரில் முன்னால் போக, நாங்கள் பின்னால். கல்லூரியும் லாஸ்பேட்டைப் பக்கம்தான், வெயில் நாளாக இருந்தால் நடந்தே போகலாம். ஆனால் மழை பெய்தால் எங்கள் தெருக்கள் குளமாகிவிடும். ஒரு திருப்பத்தில் ஆட்டோ தண்ணீரில் இருமிவிட்டு நின்றது. செல்வம் எங்கோ முன்னால் போய்விட்டார்.

சூரிபாபு முழங்கால் தண்ணீரில் இறங்கினார். மகளுக்குக் கையை நீட்டவில்லை. திரும்பிப் போய்விடலாம் என்கிறவர்போல வந்த வழியைப் பார்த்து நின்றார். அப்போது அவர் முகம் சட்டென்று மாறியது. சந்திப்பில் மழைக்கோட்டும் தலையில் சிவப்பு உருளைத் தொப்பியுமாக ஒரு போக்குவரத்துக் காவலர். ஏனாமிலும் காவலர்களுக்கு அதே தொப்பிதான். “நம்ம ஊர் போலீஸ்!” என்று கத்திக்கொண்டு, கையை ஆட்டிக்கொண்டு, தெலுங்கில் பேசிக்கொண்டே அவரை நோக்கிப் போனார். எனக்கு வெட்கமாகிவிட்டது. யாரோ ஒரு தமிழ்க் காவலரிடம் இந்த மனிதர் கல்லூரி, மகள், ஆவக்காய் எல்லாவற்றையும் கொட்டுகிறார்.

காவலர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். “பாகுன்னாரா?” என்றார். நலமா என்று கேட்கிறார், நல்ல தெலுங்கில். ஏனாமில் வேலை பார்த்தவராம். என்னைப் போலவே மாற்றலில் போய் வந்தவர். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. வந்த முதல் ஆட்டோவை விசில் அடித்து நிறுத்தி, உள்ளே இருந்தவரிடம், “சார், நீங்க இதோ இங்கதான எறங்கணும்? கொஞ்சம் நடங்க. பொண்ணுக்கு அட்மிஷன்” என்றார். அந்த ஆளும் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். தண்ணீர் அவருக்கும் முழங்கால் வரை வந்தது.

*

கல்லூரியில் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த எழுத்தர் அம்மாள் பையை மாட்டிக்கொண்டு எழும் நிலையில் இருந்தார். நாங்கள் ஓடி வருவதைப் பார்த்து மறுபடி உட்கார்ந்தார். சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். மாற்றுச் சான்றிதழில் கை நின்றது.

“இன்னாம்மா இது? ரத்தமா?”

“ஆவக்கா எண்ணெங்க.”

அவர் முகர்ந்து பார்த்தார். சந்தேகம் தீர்ந்தது, ஆனால் முகம் இளகவில்லை. “கற பட்ட ஒரிஜினல நானா வாங்க முடியாதும்மா. உள்ள மேடம் பாத்து சரின்னாத்தான். ஒக்காருங்க, கேட்டுட்டு வரேன்.”

பெஞ்சில் உட்கார்ந்தோம். மூவர் உடம்பிலும் தண்ணீர் சொட்டியது. சூரிபாபு எழுந்து நின்றார்.

“போதும். எழுந்திரு, லாவண்யா. காலையிலிருந்து ஒவ்வொரு இடத்திலும் சாமி வேண்டாம் வேண்டாம் என்கிறான். ஏனாமிலேயே ஏதாவது படி.”

அவள் எழவில்லை.

“இது ஒரு மணி இருபது நிமிடமா? ஒரு நாள்! இருட்டில் கிளம்பியவர்கள் சாயங்காலம் ஆகியும் இன்னும் சோறு தின்னவில்லை. உனக்கு ஒன்று என்றால் உன் அம்மா எப்படி வருவாள்? நான் அவளுக்கு என்ன பதில் சொல்வேன்?”

“அதைத் தேடிக் கொடுத்தது நான்தான் நான்னா” என்றாள் லாவண்யா. அதோடு நிறுத்தவில்லை. “நேராக விமானம் இல்லை என்று தெரிந்துதான் காட்டினேன். உண்மையான தூரத்தைச் சொல்லியிருந்தால் என்னை விட்டிருப்பீர்களா?”

சூரிபாபு என்னைப் பார்த்தார். “உங்களுக்கும் தெரியுமா மேடம்?”

“நேராக விமானம் இல்லை என்று நேற்றே தெரியும். இவள் செய்தது ஹைதராபாத்தில்தான் தெரிந்தது.”

அடிப்பாரோ என்று பயந்தேன். அவர் அடிக்கவில்லை. சத்தமாகப் பேசுகிற மனிதர் சத்தமில்லாமல் கேட்டார். “நீங்கள் இங்கே எல்லோரையும் விட்டுவிட்டு அங்கே இருக்கிறீர்களே. எப்படி இருக்கிறீர்கள்?”

இரண்டு வருடத்தில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. ஆபீசில் கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்பேன், வீட்டில் கேட்டால் பக்கம்தான் என்பேன். அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை.

“மூன்று மாதம் தினமும் அழுதேன். உங்கள் மாடியில்தான். கீழே கேட்டிருக்கும். தூரம்தான், சூரிபாபு காரு. இவளுக்குக் காய்ச்சலென்றால் வரலட்சுமியால் உடனே வர முடியாது. செல்வம்தான் போய்ப் பார்ப்பார். அதற்கு மேல் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது.”

“பிறகு? அழுகை எப்படி நின்றது?”

“வரலட்சுமி ஒருநாள் சோறும் ஆவக்காயும் கொண்டுவந்து வைத்தாள். காரத்தில் அழுதேனா, வீட்டை நினைத்து அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. அப்புறம் பழகிவிட்டது.”

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். மகளுக்குப் பக்கத்தில். ஆனால் அவளைப் பார்க்கவில்லை.

ஜன்னல் திறந்தது. “லாவண்யா யாரு? மேடம் சரின்னுட்டாங்க. நம்பரும் சீலும் தெளிவா இருக்காம். அப்பா வந்து கையெழுத்துப் போடணும்.”

நான் மொழிபெயர்க்கவில்லை. மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. எழுத்தர் பேனாவை ஜன்னல் வழியாக நீட்டிக்கொண்டு இருந்தார். சூரிபாபு எழுந்து வாசல் பக்கம் போனால் எல்லாம் முடிந்தது. எழுந்தார். ஜன்னல்வரை போனார். தன் விரல்களைப் பார்த்தார், பையைத் திறந்தபோது பட்ட எண்ணெய் இன்னும் இருந்தது. வெள்ளைச் சட்டையில் நெஞ்சுக்கு நேராக அழுத்தித் துடைத்தார், இரண்டு கையையும், நிதானமாக. பிறகு பேனாவை வாங்கினார்.

லாவண்யா அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

*

மழை விட்டிருந்தது. செல்வம் எங்களைத் தேடித் தேடி ஒருவழியாக வந்து சேர்ந்து, “ஆட்டோவப் பின்னால வுட்டுட்டுப் போறதுக்கு நான் எதுக்கு வழிகாட்டி” என்று தன்னையே திட்டிக்கொண்டார். எல்லோரும் பக்கத்து மெஸ்ஸில் உட்கார்ந்தோம். சூரிபாபு எங்கள் சாம்பாரை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, புளித்துவிட்டதா என்று என்னை ரகசியமாகக் கேட்டார். பிறகு பாட்டிலைத் திறந்து நான்கு இலையிலும் ஆவக்காய் வைத்தார். பரிமாறுகிறவர் தானாகவே ஐந்தாவது ஆளாக வந்து கையை நீட்டினார்.

விடுதியில் பெண்ணை விட்டாயிற்று. சூரிபாபு ராத்திரி ரயிலைப் பிடிக்கச் சென்னை பஸ் ஏற வேண்டும். பஸ் நிலையத்தில் நிற்கும்போது மணி அடித்தது. சூரிபாபு கைப்பேசியை உள்ளங்கையில் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டார்.

“சேர்ந்துவிட்டாள்” என்றார். “நல்ல விடுதி. இங்கேயும் நம்ம ஊர் போலீஸ்தான், அதே சிவப்புத் தொப்பி. பயப்பட ஒன்றுமில்லை.”

“இவ்வளவு நேரம் ஆனதே?” என்றாள் வரலட்சுமி. “ஒரு மணி இருபது நிமிடம்தானே?”

அவர் என்னைப் பார்த்தார். நான் பஸ்களைப் பார்த்தேன்.

“பறந்தது அவ்வளவுதான்” என்றார் சூரிபாபு. “கிளம்பியதில் தாமதம், கல்லூரியில் கூட்டம். வேண்டுமானால் மேடத்தைக் கேள்.”

கைப்பேசி என் முகத்துக்கு நேராக வந்தது. கொஞ்ச நேரம் முன்பு பெரிய சத்தியவாதி மாதிரிப் பேசியவள் நான். “ஆமாம் வரலட்சுமி. ஒரு மணி இருபது நிமிடம்தான்” என்றேன்.

“அப்படியா!” அவள் குரலில் அவ்வளவு நிம்மதி. “அப்படியானால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார் இல்லையா? சோறு வைத்துவிடட்டுமா?”

சென்னை பஸ் புறப்படப் போவதாக நடத்துநர் கத்தினார். சூரிபாபு கைப்பேசியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“வை” என்றார். “கொஞ்சம் நேரமாகும்.”

மறுநாள் மாலைதான் அவரிடமிருந்து எனக்குப் போன் வந்தது. ஏனாம் போய்ச் சேர்ந்துவிட்டாராம். சாப்பிட்டீர்களா என்று கேட்டேன்.

“சாப்பிட்டேன் மேடம்” என்றார். “பழைய சோறும் ஆவக்காயும்.”